விமான நிறுவனங்களை இணைக்கும் முன் சீனியாரிட்டி பட்டியலை முடிவு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு விமான நிறுவனங்கள் ஒன்றாகும்போதெல்லாம் பங்கு யாருக்கு எவ்வளவு, கடன் என்ன ஆகும், டிக்கெட் விலை ஏறுமா என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அந்த விமானங்களை ஓட்டுகிறவர்கள் இனி எந்த வரிசையில் நிற்கப் போகிறார்கள் என்று ஒரு பத்திகூட வருவதில்லை. என் மகள் துணை விமானியாக இருக்கிறாள், அதனால் எங்களுக்கு இது வீட்டு விஷயம். ஆனால் விமானம் ரத்தாகி ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருக்கும் பயணிக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

விமானிக்கு சீனியாரிட்டி என்பது வெறும் மரியாதை இல்லை. எப்போது கேப்டன் ஆகலாம், எப்போது பெரிய விமானத்துக்குப் போகலாம், எந்த ஊரில் பேஸ் (பணி தொடங்கும் ஊர்) கிடைக்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் உள்ள எண்ணைப் பொறுத்தது. வேறு நிறுவனத்துக்குப் போனால் அந்த எண் கூட வராது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோதும் 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றபோதும் அனுபவமுள்ள எத்தனையோ பேர் வேறு இடத்தில் பட்டியலின் அடியில் போய் நின்றார்கள்.

இணைப்பில் சிக்கல் இன்னும் மோசம், ஏனென்றால் இரண்டு பட்டியலை ஒன்றாக்க வேண்டும். ஒரு நிறுவனம் பழையது, அங்கே பத்து வருடம் ஆனவர் இன்னும் துணை விமானி. இன்னொன்று வேகமாக வளர்ந்தது, அங்கே ஐந்து வருடத்தில் கேப்டன். வேலையில் சேர்ந்த தேதியைப் பார்த்தால் அந்த கேப்டன் கீழே போவார், அவரவர் பட்டியலில் இருந்த இடத்தைப் பார்த்தால் பத்து வருடக்காரர் கீழே போவார். இரண்டு பேருமே தனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்பார்கள், இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும்.

அமெரிக்காவில் யுஎஸ் ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் என்ற இரண்டு விமான நிறுவனங்கள் 2005-ல் இணைந்தபோது இதுதான் நடந்தது. 2007-ல் ஜார்ஜ் நிக்கோலாவ் என்ற நடுவர் தந்த தீர்ப்பில், பழைய நிறுவனமான யுஎஸ் ஏர்வேஸில் பல வருடம் இருந்தவர்கள்கூட அடுத்த பக்கத்துப் புதியவர்களுக்குக் கீழே போனார்கள். கோபத்தில் அவர்கள் சங்கத்தையே மாற்றினார்கள், வழக்குக்கு மேல் வழக்கு நடந்தது, நடுவில் அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் இன்னொரு இணைப்பும் வந்து, கடைசியில் ஒரே பட்டியல் முடிவானது 2016-ல். ஆனால் அந்த நாட்டில் ஒரு சட்டமாவது இருக்கிறது. 2001-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டிடபிள்யூஏ என்ற இன்னொரு விமான நிறுவனத்தை வாங்கியபோது அதன் விமானிகளில் பெரும்பகுதியைப் பட்டியலின் அடியில் சேர்த்துவிட்டார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு 2007-ல் கொண்டுவந்த மெக்காஸ்கில்-பாண்ட் சட்டப்படி, பட்டியலை நியாயமாகச் சேர்க்க வேண்டும், பேசி முடியாவிட்டால் நடுவரிடம் போக வேண்டும்.

நம் நாட்டில் என்ன நடந்தது? அதே 2007-ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் அரசு இணைத்தது. பட்டியலை யாரும் தொடவில்லை. இணைப்புக்கு முன்பே ஏர் இந்தியா 27 போயிங் 787 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. அது எங்கள் விமானம், எங்கள் பதவி உயர்வே அதை நம்பித்தான் இருக்கிறது என்றார்கள் ஒரு பக்கம். ஒரே நிறுவனம் என்று சொல்லிவிட்டு எங்களுக்கு மட்டும் ஏன் சம்பளமும் குறைவு, பெரிய விமானமும் இல்லை என்றார்கள் இன்னொரு பக்கம். 2011-ல் சம்பளச் சமத்துவம் கேட்டு இந்தியன் ஏர்லைன்ஸ் பக்கத்து விமானிகள் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2012-ல் 787 பயிற்சி யாருக்கு என்று ஏர் இந்தியா பக்கத்தில் 58 நாள் வேலைநிறுத்தம். இதையெல்லாம் ஆராய நீதிபதி தர்மாதிகாரி குழுவை அமைத்ததே 2011-ல்தான், அதாவது இணைப்பு நடந்து நாலு வருடம் கழித்து! முதலிலேயே செய்திருந்தால் அந்த 58 நாள் வந்திருக்குமா?

இணைப்பு இல்லாமல் விமான வகை மாறினாலே பாதிப்புதான். புதிய வகைக்குப் போகிற விமானி டைப் ரேட்டிங் (அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதி), சிமுலேட்டர் என்று சில மாதம் பறக்க முடியாது, பறக்கும் நேரத்துக்கான பணம் குறையும். ஒரு விமானத்துக்குக் குறைந்தது நாலைந்து ஜோடி விமானிகள் தேவை, அதனால் இன்ஜின் கோளாறில் விமானங்கள் தரையில் நின்றால் கேப்டன் ஆகக் காத்திருக்கும் அத்தனை பேருக்கும் தள்ளிப்போகிறது. ஓய்வு வயதும் அப்படித்தான், மேலே இருப்பவர்களுக்கு ஏற்றினால் கீழே இருப்பவர் அத்தனை வருடம் காத்திருக்க வேண்டும். அதைத் தவறு என்று சொல்லவில்லை, முன்கூட்டியே சொல்லுங்கள் என்கிறேன்.

2024 அக்டோபரில் ஏஐஎக்ஸ் கனெக்ட் (முன்பு ஏர்ஏசியா இந்தியா) ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் சேர்ந்தது, நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவில் சேர்ந்தது. அதற்கு முன் ஏப்ரலிலேயே, எவ்வளவு பறந்தாலும் மாதம் உறுதியாகக் கிடைக்கும் சம்பளத்தை 70 மணி நேரப் பறத்தலுக்குப் பதில் 40 மணி நேரத்துக்குக் கணக்கிடும் புதிய ஒப்பந்தத்தால் விமானிகள் அதிருப்தி அடைந்து, விஸ்தாரா விமானங்களைக் குறைக்க வேண்டியதானது. போட்டி ஆணையம் சந்தையைப் பார்க்கிறது, கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் பங்குதாரரையும் கடன்காரரையும் பார்க்கிறது. விமானிகளின் பட்டியலைப் பார்ப்பது யார் வேலை?

விமானப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு விதி கொண்டுவர வேண்டும். இணைப்பு நடைமுறைக்கு வரும் முன்பே வெளி நடுவர் ஒருவர் பட்டியலை முடித்து, எந்த அடிப்படையில் என்று எல்லா விமானிகளுக்கும் எழுத்தில் தர வேண்டும். இணைப்புக்கு முன் ஒரு பக்கம் ஆர்டர் கொடுத்த விமானங்களில் சில வருடங்களுக்கு அந்தப் பக்கத்து விமானிகளுக்கே முதல் வாய்ப்பு என்பதும் அதில் இருக்கட்டும், அமெரிக்காவில் இப்படிச் செய்திருக்கிறார்கள். அடுத்த இணைப்பு அறிவிப்பு வரும் அன்று உங்கள் நிருபர், இரண்டு பட்டியலையும் யார் சேர்க்கிறார்கள், எந்தத் தேதிக்குள் என்று நிர்வாகத்திடமும் அமைச்சரிடமும் கேட்டுப் பதிலை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
துணை விமானி ஒருவரின் தந்தை,
குரோம்பேட்டை, சென்னை.