கிடைக்காத துகளைத் தேடுவது பற்றி, மருமகளுக்கு

அன்புள்ள நிலா,

"இத்தனை வருடம் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லையே மாமா, அந்தத் துகள் இயற்பியல் படிப்புக்கு நான் எதற்கு வர வேண்டும்?" என்று கேட்டாய். மாட்டுங்கா கடைத்தெருவில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது.

தெரிந்த ஒவ்வொரு அடிப்படைத் துகளுக்கும் தற்சுழற்சியில் அரை அலகு மாறுபட்ட இணை ஒன்று உண்டு என்கிறது சூப்பர்சிமெட்ரி என்ற கோட்பாடு. இத்தனை வருடம் தேடுவது அந்த இணைகளைத்தான். அவற்றில் மிக லேசானது சிதையாமல் நிலைத்திருந்தால், ஒளி வீசாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பிரபஞ்சத்தின் கரும்பொருளே அதுவாக இருக்கலாம். ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான்கள் மோதும்போது அது பிறந்தாலும், எந்தக் கருவியிலும் தடம் பதிக்காமல் போய்விடும். ஆனால் புரோட்டான்கள் வரும் பாதைக்குக் குறுக்குத் திசையில் உந்தங்களைக் கூட்டினால் பூஜ்ஜியம் வர வேண்டும். துகள் தப்பியிருந்தால் கணக்கு இடிக்கும்.

இடித்தால் மட்டும் போதுமா? ஆற்றல் கருவியைத் தாண்டிக் கசிந்திருந்தாலும் இடிக்கும். அதனால்தான் அந்த வளையத்தில் மோதல்களைப் பதிவு செய்யும் சி.எம்.எஸ். கருவியில், காந்தச் சுருளுக்கு வெளியேயும், துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகள் இருக்கின்றன. அவற்றில் பள்ளம் வெட்டி, ஒளியிழை பதித்து உருவாக்கியதில் நம் கொலாபாவின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கடலோரம் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தைப் பெருமையோடு பார்க்கிறேன்.

இயற்கையும் போலிகளை அனுப்பும். ஏற்கெனவே தெரிந்த இசட் போசான் என்ற துகள், கருவியில் தடம் பதிக்காத இரண்டு நியூட்ரினோக்களாகச் சிதைந்தால் அச்சு அசல் இதே காட்சிதான். ஆகவே, அதே இசட், கருவியில் தடம் பதிக்கும் இரண்டு மியூவான்களாகச் சிதைந்த நிகழ்வுகளை எடுத்து, மியூவான்களை இல்லாததாகப் பாவித்து, போலிகள் எத்தனை வரும் என்று மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பீடு உறுதியாகும்வரை, புதிய துகள் தென்படக்கூடிய பகுதியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஆசை கணக்கைத் தொட்டுவிடக் கூடாதல்லவா! அறிவியலில் நான் மிக மதிக்கும் ஒழுக்கம் இது.

இப்படித்தான், எளிய மாதிரிகளின்படி, குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவானுக்குக் குளுயினோ என்ற இணை இருந்தால் அது புரோட்டானைவிடச் சுமார் 2000 மடங்குக்கும் மேல் கனமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. "ஒன்றும் கிடைக்கவில்லை" என்கிறாயே, அதற்குள் இருப்பது இந்த அறிவு. பல அழகான கோட்பாடுகள் இதனால் அடிபட்டன. அடிபடத்தான் வேண்டும்.

எல்லாக் கதவும் அடைபடவில்லை. ஹிக்ஸ் துகளின் இணைகளான ஹிக்சினோக்களிடையே நிறை வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தால், சிதைவில் வரும் துகள்கள் ஆற்றல் குன்றி இரைச்சலில் மறைந்துபோகும். அங்கே, இல்லை என்று விலக்கப்பட்ட நிறையின் எல்லை இன்னும் புரோட்டானின் ஓரிரு நூறு மடங்கிலேயே நிற்கிறது. உன் தலைமுறைக்கு வேலை அங்கேதான்.

அடுத்த பருவத்தில் விருப்பப் பாடமாகப் புள்ளியியலை எடுத்துக்கொள். கோடைக்கு டாட்டா நிறுவனத்தின் மாணவர் திட்டத்துக்கு விண்ணப்பம் போடு. எழுதியதும் எனக்கு அனுப்பு, படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா