உன் கைக்கு ஏற்ற செடி

ஸ்ரீரங்கம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ராஜி,

நலம். நலமறிய ஆவல். முழங்கால் பழைய முழங்கால்தான், சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கிறது, மாப்பிள்ளைக்கு ஓசூருக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. சம்பிரதாயம் முடிந்தது. இனி சண்டைக்கு வருகிறேன்.

ரோஸ்மேரியும் போய்விட்டது என்று நீ போனில் சொன்னபோதே திட்டியிருப்பேன். பக்கத்தில் பத்மா உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும், அதனால் வாயை மூடிக்கொண்டேன். முதலில் கள்ளி, அப்புறம் கற்றாழை, அப்புறம் அந்த ஜேட் செடி, இப்போது ரோஸ்மேரி. வறண்ட காட்டில் பிழைக்கிற ஜீவன்களெல்லாம் உன் ஏழாவது மாடிக்கு வந்து வேர் அழுகிச் சாகின்றன. நீயானால் நர்சரிக்காரர் கொடுத்த மண் சரியில்லை என்கிறாய். மண் என்ன செய்யும் பாவம்? எழுந்தவுடன் ஒரு தரம், சாப்பிட்டுவிட்டு ஒரு தரம், டீ குடித்த கையோடு ஒரு தரம் என்று சொம்பைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போகிறாயே, அதைச் சொல்.

தண்ணீர் ஊற்றாதே என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் கேட்கிற ஆளா நீ? செடியை மாற்று என்கிறேன். கோரை வளர்.

சிரித்து முடித்தாயா? முசிறி நாத்தனாரும் இப்படித்தான் சிரித்தாள். கொல்லையில் சிமெண்ட் தொட்டியில் ஆளுயரத்துக்கு நிற்பதைப் பார்த்துவிட்டு, "கோரையைக் காசு கொடுத்து வாங்கி வைத்தவங்க இந்தக் காவேரிக்கரையிலேயே நீங்க ஒருத்தர்தான் அண்ணி" என்றாள். அவர்கள் பாய்க்கோரை போடுகிற குடும்பம். ஒரு தரம் நட்டால் வருஷக்கணக்கில் அறுத்து எடுக்கலாம். அறுத்ததைப் பச்சையிலேயே கிழித்து, வெயிலில் காய வைத்து, கட்டுக் கட்டாகப் பாய் நெய்கிறவர்களுக்கு அனுப்புவார்கள். பிளாஸ்டிக் பாய் வந்து பிழைப்பைக் கெடுத்தது பற்றி அவளிடம் ஒரு புராணமே இருக்கிறது, அதை இன்னொரு கடிதத்தில் வைத்துக்கொள்ளலாம். அவளுக்குப் பயிர். பக்கத்துக் கத்தரித் தோட்டத்துக்காரருக்கு அதே குடும்பத்துக் கோரைக்கிழங்கு பரம விரோதி, பிடுங்கப் பிடுங்க மண்ணுக்குள் அறுந்து நிற்கிற ஒவ்வொரு கிழங்கும் முளைக்கும். அந்தக் கிழங்கைத்தான் நம் அம்மாக்கள் நலங்கு மாவில் வாசனைக்குப் போட்டு அரைத்தார்கள். உலகம் முழுக்க 5,000-க்கு மேல் இனங்கள் இருக்கிற குடும்பம், எல்லா விதமும் இருக்கத்தான் செய்யும்.

நான் சொல்வது குடைக்கோரை. சைப்பரஸ் இன்வாலுக்ரேட்டஸ். கிழக்கு ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் பக்கத்துச் செடி. நர்சரியில் 'அம்ப்ரெல்லா பாம்' என்பார்கள். பனைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அங்கே நின்று பாடம் நடத்தாதே, அந்தப் பெயரைச் சொன்னால்தான் எடுத்துத் தருவார்கள். நெடுநெடுவென்று பச்சைத் தண்டு, உச்சியில் குடைக்கம்பிகளாக விரிந்த பச்சைக் கீற்றுகள். காலேஜ் பாட்டனி பிராக்டிகலில், கோரை என்றால் தண்டு முக்கோணம் என்று ஓயாமல் சொல்வாரே, அந்த முக்கோணம் சார் இந்தத் தண்டைத்தான் உன்னிடம் நீட்டினார். "இலை எங்கேம்மா?" என்று கேட்டதும் நீ எவ்வளவு தைரியமாக உச்சியைக் காட்டினாய்! உச்சியில் இருப்பது பூவடிச் செதில், ராஜியம்மா. நிஜமான இலை அடியில் தண்டைச் சுற்றிப் பழுப்பு உறையாகச் சுருங்கிக் கிடக்கிறது. சமையல் வேலையெல்லாம் தண்டும் செதிலும் பார்க்கின்றன. முக்கோணமும் இதில் லேசில் அகப்படாது. வரப்புக் கோரையை விரலிடுக்கில் உருட்டினால் மூன்று மூலையும் சுரீரென்று தெரியும். இதில் மழுங்கிப்போய், குடைக்குச் சற்றுக் கீழே கட்டைவிரலை வைத்து உருட்டினால்தான் உண்டு. அவர் ஏன் உச்சியை விட்டு நகரவே விடமாட்டார் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

நீ கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இதற்குக் கால் நனைந்தே இருக்க வேண்டும். அடியில் துளை இல்லாத டப்பாகப் பார்த்து எடு. உன் மாமியாரின் பித்தளை அண்டாவைத் தொட்டால் நான் பேச மாட்டேன். தென்னை நார்த்தூள், 'பாட்டிங் மிக்ஸ்' என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, அதெல்லாம் வேண்டாம், மிதந்து மேலே வந்து தண்ணீரை நாற வைக்கும். வெறும் களிமண் போதும், குளத்து வண்டல் கிடைத்தால் ராஜயோகம். ஒரு கை மண்புழு உரத்தை அடியிலேயே புதைத்துவிடு. மேலே போட்டாயானால் செடிக்கு முன்னால் பாசி சாப்பிட்டுவிடும். மண்ணுக்கு மேல் கூழாங்கல் ஒரு வரிசை, அதற்கு மேல் இரண்டு விரல்கடைத் தண்ணீர். அவ்வளவுதான். அப்புறம் உன் சொம்பு, உன் பாடு. எவ்வளவு ஊற்றினாலும் வழிந்து ஓடுமே தவிர வேர் அழுகாது.

காலை வெயில் விழுகிற உன் கிழக்கு மூலை நல்ல இடம். உள்ளே ஹாலில் அழகுக்கு வைக்கிறேன் என்று கிளம்பாதே. வெளிச்சம் போதாவிட்டால் தண்டு மெலிந்து நீண்டு ஒருநாள் சாய்ந்துவிடும். ஏழாவது மாடிக் காற்றுக்குச் சுவரோரமாகத் தள்ளி வை. கீற்றின் நுனி கருகினால் தண்ணீர் இறங்கியிருக்கும், அல்லது உப்பு ஏறியிருக்கும். எங்களுக்குப் போர் தண்ணீர், தொட்டி விளிம்பில் வெள்ளை படிந்து கிடக்கிறது, அடிக்கடி பாதியை இறைத்துக் கொட்டிவிட்டுப் புதிதாக விடுகிறேன். உனக்கென்ன, குழாயைத் திறந்தால் சிறுவாணி. கொடுத்து வைத்தவள். மஞ்சளாகிப்போன தண்டை நடுவில் கத்தரிக்காதே, அது திரும்பக் குடை விடாது. அடியோடு அறுத்துவிடு, பக்கத்தில் கிழங்கிலிருந்து புதுத் தண்டு ஈட்டி ஈட்டியாகக் கிளம்பும். மாவுப்பூச்சி தெரிந்தால் குழாயடியில் வைத்துக் கழுவு, மருந்து அடிக்காதே. ஏன் என்று அடுத்த பாராவில் சொல்கிறேன். டப் பக்கவாட்டில் பிதுங்க ஆரம்பித்தால் வேர் இடம் கேட்கிறது என்று அர்த்தம். கவிழ்த்து எடுத்து, பழைய அரிவாளால் போடு நாலு போடு. ஓரத்து இளசுகளை மட்டும் திரும்ப நடு, நடுவில் முற்றிப்போன கட்டையைத் தூக்கி எறி. எறிவது என்றால் குப்பையில். போகிற வழியில் குளத்தில் வீசிவிடாதே. உங்கள் ஊர்க் குளங்களில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடப்பதே போதும்.

சரி, மருந்து. போன மாதம் கொசுப்புழு பார்க்க ஒரு பெண் வந்தாள். சின்னப் பெண், கையில் டார்ச், கழுத்தில் அடையாள அட்டை. தொட்டியைப் பார்த்ததும், "இதைக் கவிழ்க்கணும்மா" என்றாள். எனக்குக் குலை நடுங்கிவிட்டது. கொஞ்சம் பொறும்மா, குனிந்து டார்ச் அடித்துப் பார் என்றேன். உள்ளே கப்பி மீன்கள் ஓடின. தேடித்தேடிப் பார்த்தாள், ஒரு புழு இல்லை. "மீன் இருந்தா சரிம்மா" என்று எழுதிக்கொண்டு, நேரே முன்வாசலுக்குப் போய்ச் செம்பருத்தித் தொட்டிக்கு அடியில் இவர் வைத்திருந்த தட்டைக் காட்டினாள். நெளிநெளியாகப் புழு! இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. டெங்குக் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தானே வேண்டும், முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகையால் உன் டப்பில் கப்பி நாலைந்து கட்டாயம். அதனால்தான் மருந்து கூடாது என்றேன். மீன் வேண்டாம் என்றால் வாரம் ஒரு தரம் தண்ணீரைக் கொட்டி, உள்சுவரை நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் சாகாது. உன் சோம்பலுக்கு மீனே மேல்.

இதற்கு ஓர் அண்ணன் உண்டு, பாப்பிரஸ். நைல் நதிக்காரன். நாலைந்து மீட்டர் போவான், உச்சியில் நூல்நூலாகப் பச்சைக் குஞ்சம். உன் பால்கனிக்கு ஆகாது, ஒரு காற்றில் முறிந்து ஆறாவது மாடிக்காரர் தலையில் விழும். என்னிடம் இருப்பதைப் பார்த்துவிட்டு, காகிதம் செய்து காட்டு பாட்டி என்று பேரன் லீவு முழுக்க உயிரை எடுத்தான். செய்தோம். பச்சைத் தோலை உரித்தால் உள்ளே தெர்மோகோல் மாதிரி வெள்ளைச் சோறு. அதை நீள நீளமாகச் சீவி, ஊற வைத்து, ஒரு வரிசை நெடுக்கே, ஒரு வரிசை குறுக்கே அடுக்கி, பூரிக்கட்டையால் தட்டி, துணிக்கு நடுவில் வைத்து அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தோம். பசை கிடையாது, அதன் சாறே ஒட்டிக்கொள்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காகிதம் வந்தது, பழுப்பும் திட்டுமாக, குளத்து வாசனையோடு. அதில் பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதிப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போயிருக்கிறான்.

எழுத்துள்ள பாப்பிரஸ்களில் ரொம்பப் பழையது 2013-இல்தான் கிடைத்தது, தெரியுமா? செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில். சுமார் 4,500 வருஷத்துச் சரக்கு. ராஜாவுக்குத் தோத்திரமாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். மெரர் என்று ஒரு மேற்பார்வையாளர் எழுதிய வேலைக் குறிப்பு! கூஃபு ராஜாவின் பிரமிடுக்கு துராவிலிருந்து கிசாவுக்குப் படகில் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போன கணக்கு. இன்று கல் ஏற்றினோம், இன்று கிளம்பினோம், இன்ன இடத்தில் ராத் தங்கினோம். படிக்கப் படிக்க உன் ஞாபகம்தான். டிரஷரி லெட்ஜரில் நீ இங்க் கொட்டாமல் எழுதினதும் இதுதானேடி.

லீட்ஸில் இருக்கிற வித்யாவும் கோரை வைத்திருக்கிறாள். அது கேரக்ஸ், குளிர்தேசத்து வகை, நியூசிலாந்து ரகம். உயிரோடு இருக்கும்போதே காய்ந்த நிறம். அவள் மாமியார் செத்துப்போனதென்று பிடுங்கப் போய்விட்டாராம். அதைப் பாப்பிரஸ் மாதிரி அடியோடு வெட்டக் கூடாதாம், கையுறை போட்டுக்கொண்டு விரலாலேயே வாரிக் காய்ந்ததை மட்டும் எடுக்க வேண்டுமாம். தலை வாரிவிடுகிறாள். கேட்காதே, நம் வெயிலுக்கு அது தாங்காது.

ராஜி, இனி எழுதப் போவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. உமா எனக்குப் போன் செய்தாள். அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், பயமாக இருக்கிறது ஆன்ட்டி, டாக்டரிடம் கூட்டிப் போகட்டுமா என்றாள். அண்ணா இருந்தவரை நீ ஒரு துளசிக்குக்கூட ஒழுங்காகத் தண்ணீர் விட்டவள் கிடையாது. அவர் படுத்த பிறகு மணி பார்த்து மணி பார்த்துக் கஞ்சி, மாத்திரை, ஸ்பூனில் தண்ணீர் என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தாய். அந்த மணிக்கு இப்போதும் உன் கை எழுந்துகொள்கிறது. எனக்கு அப்படித்தான் படுகிறது. உமாவிடம் நான், தண்ணீர் ஊற்றுவதற்கெல்லாம் டாக்டர் வேண்டாம் என்றேன். ஆனால் தூக்கம் இல்லை என்பதற்குப் போக வேண்டும், ராஜி. போய்க் காட்டு. பிடிவாதம் பிடிக்காதே. அதுவரை மூன்று மணிக்கு எழுந்தால் எழு. ஊற்றினால் ஊற்று. இந்தச் செடியாவது அதைத் தாங்கும். முழித்துக்கொண்டிருந்தால் எனக்குப் போன் செய், நானும் அந்த நேரத்தில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துதான் இருப்பேன்.

அவள் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. அவள் முகம் கோணினால் எனக்குப் பொறுக்காது.

வியாழக்கிழமை சேகர் கோயமுத்தூர் வருகிறான். அவனிடம் ஈரத்துணியில் சுற்றி ஐந்தாறு குடைத்தலை கொடுத்தனுப்புகிறேன். இரண்டு அங்குலத் தண்டோடு வெட்டி, கீற்றுகளைப் பாதியாகக் கத்தரித்துத்தான் வரும், கோரமாக இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதே. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டு, தலைகீழாகப் போடு. குடை தண்ணீரில், தண்டு மேலே. புரிந்ததா? ஆற்றங்கரையில் தண்டு சாய்ந்து உச்சி தண்ணீரைத் தொட்டால் அங்கேயே வேர் விடுகிற செடி இது. இரண்டு மூன்று வாரத்தில் நடுவிலிருந்து வெள்ளை வேர் கீழேயும், பச்சை முளை மேலேயும் வரும். வந்த பிறகு களிமண்ணில் நடு. பக்கத்து வீட்டுப் பூனை வருமென்றால் டப்பை உயரத்தில் வை, பூனைகளுக்கு இந்தக் கீற்றைக் கடிப்பதில் அலாதி ஆசை. இங்கே எதிர்வீட்டுக் கடுவன் ஒரு பக்கம் முழுக்க மொட்டையடித்து வைத்திருக்கிறது.

சரோஜா பெண்ணின் வளைகாப்பு ஐப்பசியில். நீ வருகிறாய். டிக்கெட்டை இப்போதே எடு.

உன்,
மல்லிகா

பி.கு: சேகரிடம் முறுக்குச் சம்புடம் ஒன்றும் வருகிறது. காலிச் சம்புடத்தை அவனிடமே கொடுத்துவிடு, போன தரம் அனுப்பியது இன்னும் வரவில்லை.