நோயின் பெயரும் அறிகுறியின் பெயரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த மருத்துவச் சொற்பட்டியல் தேவையான முயற்சி. ஆனால் சொல்லையும் அதற்கு நேரான பொருளையும் கொடுத்ததோடு அது நின்றுவிட்டது. மஞ்சள் காமாலை, ரத்தசோகை, நீரிழிவு, வலிப்பு, காசநோய் எல்லாம் அதில் ஒரே வரிசையில் இருக்கின்றன. இவற்றில் நீரிழிவும் காசநோயும் நோய்கள். மற்ற மூன்றும் உடல் காட்டும் அடையாளங்கள். அவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் வேறு வேறு நோய்கள் இருக்கலாம். மருத்துவச் சொல் எதைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, "இது நோயின் பெயரா, அறிகுறியின் பெயரா?" என்பதுதான். தங்கள் பட்டியலும் அங்கிருந்து தொடங்கியிருக்கலாம்.

காமாலையையே எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி கூடியிருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் சொல்வதில்லை. வழக்கமாக ஒரு டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராமுக்குள் இருக்கும் பிலிருபின், ஏறத்தாழ 2.5 அல்லது 3-ஐ எட்டும்போதுதான் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தெரியும். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலும் அது கூடும். கல்லீரல் செல்கள் கெட்டாலும் கூடும். பித்தக்குழாயைக் கல்லோ கட்டியோ அடைத்தாலும் கூடும். மலம் வெளுத்து, சிறுநீர் கறுத்து, உடம்பெல்லாம் அரிப்பும் இருந்தால் அடைப்பு இருக்குமோ என்று பார்க்க வேண்டும். அடைப்பை நீக்க வேண்டியவர் "காமாலைதானே" என்று ஏதோ ஒரு மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருப்பது, இந்த ஒரு சொல்லை நோயின் பெயராக எடுத்துக்கொண்டதால் வரும் கேடு.

ரத்தசோகையும் அப்படித்தான். ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13, கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கு (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில்) கீழே போனால் அந்தப் பெயர் வரும். ஏன் குறைந்தது என்பது அடுத்த கேள்வி. இரும்புச்சத்துக் குறைவு, பி12 குறைவு, சிறுநீரகக் கோளாறு, பரம்பரையாக வரும் தலசீமியா என்று காரணங்கள் பல. இரும்புச்சத்து குறையாத தலசீமியா மரபணு உள்ளவருக்கு இரும்பு மாத்திரையால் பயனில்லை. வயதான ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைவு என்று தெரிந்தால், மாத்திரை கொடுத்து அனுப்புவதோடு விடக்கூடாது. குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று தேடவேண்டும். குடல் புற்றுநோய் சிலரிடம் இப்படித்தான் முதலில் தலைகாட்டுகிறது.

வலிப்பைப் பற்றி ஒரு வரி போதும். காய்ச்சலில், சர்க்கரை தாழ்ந்ததில், சோடியம் குறைந்ததில் ஒருமுறை வந்த வலிப்பும் வலிப்பு நோயும் ஒன்றல்ல என்பதை எழுதினாலே பல குடும்பங்களின் வீண் பயம் தீரும்.

அடுத்து, காலத்தைக் குறிக்கும் சொற்கள். அக்யூட் என்றால் "கடுமையான" என்றும் க்ரானிக் என்றால் "முற்றிய" என்றும் தங்கள் பட்டியல் சொல்கிறது. இதைத் திருத்த வேண்டும். அக்யூட் என்பது அண்மையில், திடீரெனத் தொடங்கியது. க்ரானிக் என்பது நெடுநாளாக நீடிப்பது. இரண்டுமே கடுமையை அளப்பதில்லை. பெரியவர்களின் இருமல் 3 வாரத்துக்குள் இருந்தால் அக்யூட், 8 வாரத்தைத் தாண்டினால் க்ரானிக். அந்த நாள்பட்ட இருமல் மிக லேசானதாகவும் இருக்கலாம். சிறுநீரகப் பாதிப்பு 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் க்ரானிக் என்று எழுதுவார்கள். அதில் 5 நிலைகள் உண்டு. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (அறிக்கையில் ஈ.ஜி.எஃப்.ஆர்.) 15-க்குக் கீழே போவதுதான் ஐந்தாம் நிலை. அறிக்கையில் க்ரானிக் என்ற சொல்லைப் பார்த்ததுமே டயாலிசிஸை நினைத்து இடிந்துபோகிறவர்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

இதயம் பற்றிய மூன்று சொற்களைச் செய்தித்தாள்களும் வார இதழ்களும் விடாமல் குழப்புகின்றன. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டு அந்தத் தசை சாகத் தொடங்குவது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார். நெஞ்சு அழுத்தம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி என்று தாமே சொல்வார். இதய நிறுத்தம் என்பது துடிப்பே நின்றுபோவது. ஆள் சரிந்து விழுவார், அழைத்தால் பதில் இருக்காது, மூச்சும் சரியாக இருக்காது. அந்த இடத்திலேயே மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தத் தொடங்க வேண்டும். கூடவே ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மாரடைப்பு முற்றி இதய நிறுத்தத்தில் முடியலாம். ஆனால் இரண்டுக்கும் அருகில் இருப்பவர் செய்ய வேண்டியது வேறு. மூன்றாவது, இதயச் செயலிழப்பு. பெயர் மிரட்டுகிறது. இதயம் தேவையான அளவு ரத்தத்தை இறைத்துத் தர முடியாமல் திணறும் நிலை அது. கால் வீக்கமும் படுத்தால் மூச்சு முட்டுவதும் அதன் அடையாளங்கள். மருந்தோடு பல ஆண்டுகள் நடமாடுகிறவர்கள் உண்டு. எக்கோ அறிக்கையில் ஈ.எஃப்., அதாவது ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 60 சதவீதம் என்று இருந்தால் மீதி 40 சதவீதம் கெட்டுவிட்டதாகப் பொருளில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யாருடைய இதயமும் உள்ளே இருக்கும் ரத்தம் முழுவதையும் ஒரே துடிப்பில் வெளியே தள்ளாது. 60 என்பது இயல்பான அளவு.

ரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ மூளை பாதிக்கப்படும் ஸ்ட்ரோக்கைப் பக்கவாதம் என்றே எழுதிப் பழகிவிட்டோம். அதனால் கை கால் விழுந்தால்தான் ஸ்ட்ரோக் என்று மக்கள் நம்புகிறார்கள். பேச்சு திடீரெனக் குழறுவது, சொல் வராமல் தவிப்பது, ஒரு கண்ணில் பார்வை மறைவது, வாய் ஒரு பக்கம் கோணுவது எல்லாமே அதுவாக இருக்கலாம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். அதையும் நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து கணக்கிடுவார்கள். பத்து நிமிடத்தில் தானே சரியாகிவிட்டாலும் உடனே போக வேண்டும். அதற்கடுத்த இரண்டு நாட்களில்தான் பெரிய ஸ்ட்ரோக் வரும் ஆபத்து மிக அதிகம்.

இவை மருத்துவர் சொல்லி நாம் புரிந்துகொள்ள வேண்டியவை. நாம் சொல்லி மருத்துவர் புரிந்துகொள்ள வேண்டியவையும் இருக்கின்றன. அவற்றைப் பற்றித் தங்கள் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. "மயக்கமா இருக்கு" என்பதைப் பாருங்கள். அறையே சுழல்வதற்கும் அதுதான், எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருவதற்கும் அதுதான், நினைவு தப்பி விழுந்ததற்கும் அதுதான், நடையில் தள்ளாட்டத்துக்கும் அதுதான். படுக்கையில் புரளும்போது சில நொடிகள் சுழன்று அடங்கினால் பெரும்பாலும் உட்செவிக் கோளாறு. எழுந்ததும் இருட்டினால் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று படுக்க வைத்தும் நிற்க வைத்தும் அளப்பார்கள். நினைவு தப்பியது என்றால் இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பார்க்க வேண்டும். ஆகவே மயக்கம் என்ற சொல்லோடு நிறுத்தாமல் எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, என்ன செய்யும்போது வந்தது, நினைவு இருந்ததா என்ற நான்கையும் சொல்லச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் வியர்த்து நடுங்கி "மயக்கம்" என்றால், முதலில் சர்க்கரையை அளக்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். விழுங்க முடியாத நிலையில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

சொல் விகுதிகளைப் பற்றிய பெட்டிச் செய்தி நன்றாக இருந்தது. ஐடிஸ் என்று முடிந்தால் அழற்சி என்பது சரி. அழற்சி எல்லாமே கிருமியால் வருவதில்லை என்பதையும் சேர்த்திருக்கலாம். மூட்டு அழற்சியான ஆர்த்ரைடிஸ் பலவற்றுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாததற்குக் காரணம் அதுதான். ஓமா என்று முடிந்தால் கட்டி என்ற விதியும் எங்கும் பொருந்தாது. லிப்போமா தீங்கில்லாத கொழுப்புக் கட்டி, லிம்ஃபோமா புற்றுநோய், ஹீமடோமா தேங்கிய ரத்தம், கிளாக்கோமா கண் நரம்பைப் பாதிக்கும் நோய்.

கடைசியாக, ஸ்கேன் அறிக்கைகளில் வரும் சில சொற்கள். அன்ரிமார்க்கபிள் என்றால் குறை எதுவும் தென்படவில்லை. லீஷன் என்றால் இயல்புக்கு மாறாகத் தெரியும் ஏதோ ஒரு இடம். புற்று என்று பொருளில்லை. ரூல் அவுட் என்று ஒரு நோயின் பெயரோடு சீட்டில் எழுதியிருந்தால், அந்த நோய் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். புற்றுநோய்க்கான திசுப் பரிசோதனையான பயாப்சியில் கிரேடு என்பது செல்கள் எவ்வளவு உருமாறியிருக்கின்றன என்பது. ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது. கிரேடு மூன்றை மூன்றாம் ஸ்டேஜ் என்று படித்து நம்பிக்கை இழக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டையும் அடுத்த இதழிலேயே தனியாக விளக்கி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்