மாமாவின் பிக்கப் வண்டி: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அப்பாவின் 1966-ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-100 கடைசியில் உன் கைக்கு வந்துவிட்டது என்பதைப் படித்து மனம் நிறைந்தது. என் மாமாவின் 1969-ஆம் ஆண்டு செவர்லே சி-10 என்னிடம் வந்து சேர்ந்தபோது எனக்கு இருந்த குழப்பங்கள் எல்லாம் உன் கடிதத்திலும் இருக்கின்றன. எதை மாற்றலாம், எதைத் தொடாமல் விடலாம் என்று கேட்டிருக்கிறாய். பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினை இறக்கிவிட்டு, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள வி-8 எஞ்சினை ஏற்றலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வண்டி எப்படி ஓட வேண்டும் என்று யோசிப்பதற்கு முன்னால், அது எப்படி நிற்கப் போகிறது என்று பார் என்பதே இரண்டு கேள்விகளுக்கும் நான் சொல்லக்கூடிய பதில். நான் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மாமா தன் வண்டியைப் பெரும்பாலும் தானே பழுதுபார்த்துக்கொண்டவர் என்பது உனக்குத் தெரியும். அதனால் வண்டியைப் பிரிக்கப் பிரிக்க அவருடைய கைவேலைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. ஆக்சிலரேட்டர் கம்பியைத் தாங்குவதற்குத் தடித்த தகடு ஒன்றை வளைத்து, அரம் போட்டு முனைகளை மழுக்கி ஒரு பிடிமானம் செய்திருந்தார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது இம்மியும் ஆடவில்லை. அதைக் கழுவித் துடைத்து அதே இடத்தில் பொருத்திவிட்டேன். ஆனால் டாஷ்போர்டுக்கு அடியில் வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருந்த இணைப்புகள் பலவற்றில் டேப் காய்ந்து உரிந்து செம்பு வெளியே தெரிந்தது. அவற்றை ஒன்றுவிடாமல் வெட்டி எடுத்துவிட்டேன். அவர் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக ஆபத்தான ஒன்றை விட்டுவைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவரே இன்று இருந்திருந்தால் முதலில் அதைத்தான் பிடுங்கி எறிந்திருப்பார்.

பிரேக்கில்தான் வேலையைத் தொடங்கினேன். என் வண்டி வெளிவந்த காலத்தில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான், அதாவது சக்கரத்தோடு சுழலும் உருளையின் உட்புறத்தில் லைனிங் அழுத்திப் பிடிக்கும் வகை. சி-10 வண்டிகளில் முன்சக்கர டிஸ்க் பிரேக் 1971 முதல்தான் எல்லா வண்டிகளுக்கும் வந்தது. ஒழுங்காக அமைத்த டிரம் பிரேக் ஓரிரு முறை பலமாகவே பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் நீண்ட இறக்கத்தில் திரும்பத் திரும்ப மிதிக்கும்போது டிரம் சூடேறி விரிந்து, லைனிங்கின் பிடிப்பும் தளர்ந்து, பெடல் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் ஆழமாக இறங்கும். மழைத் தண்ணீர் உள்ளே புகுந்தாலோ வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அதனால் முன்பக்கத்தை, சுழலும் தட்டை இரு பேடுகள் கவ்விப் பிடிக்கும் டிஸ்க்காக மாற்றினேன். 1971-இல் டிஸ்க் வந்தபோதே சக்கரத்தின் போல்ட்டுகளும் ஆறிலிருந்து ஐந்தாகக் குறைந்துவிட்டன; அந்த ஆண்டின் பாகங்களை அப்படியே வாங்கிப் போட்டால் முன்னால் ஐந்து, பின்னால் ஆறு என்று ஆகிவிடும், இரண்டுக்கும் பொதுவான ஸ்டெப்னி கூட இருக்காது. ஆறு போல்ட்டுக்கு ஏற்ற டிஸ்க்குகளைத் தேடிப் பிடித்ததால் மாமா ஓட்டிய அதே சக்கரங்கள் வண்டியில் இருக்கின்றன.

இதில் பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. பெடலை மிதிக்கும்போது பிரேக் எண்ணெயைக் குழாய்களுக்குள் தள்ளும் பாகம் மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்காகச் செய்த மாஸ்டர் சிலிண்டரில், பெடலை விட்ட பிறகும் குழாயில் ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தத்தைத் தக்கவைக்கும் சிறிய வால்வு ஒன்று இருக்கும். வீல் சிலிண்டரின் ரப்பர் கப்புகள் தளராமல் இருக்க டிரம்முக்கு அது தேவை. அதே வால்வு டிஸ்க்கின் வழியில் இருந்தால், கால் எடுத்த பின்னும் பேடுகள் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். ஆகவே முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்ற அமைப்புக்கென்றே செய்த மாஸ்டர் சிலிண்டரையும், பின்சக்கரங்கள் முந்திக்கொண்டு பூட்டிக்கொள்ளாதபடி அழுத்தத்தைப் பங்கிடும் வால்வையும், டிஸ்க்குக்குத் தேவையான கூடுதல் அழுத்தத்தைத் தரும் பூஸ்டரையும் சேர்த்தே பொருத்தினேன். துருப்பிடித்த பிரேக் குழாய்களில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. பழைய டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதிவிடாதே. அந்தக் காலத்து லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை மூடிய பையில் போட்டுவிடு.

உன் வண்டியைப் பொறுத்தவரை இது இன்னும் அவசரம். என் வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் இரட்டை அறை கொண்டது. முன்பக்கக் குழாய் வெடித்தாலும் பின்பக்கம் வேலை செய்யும். உன் 1966 ஃபோர்டில் ஒற்றை அறைதான். நான்கு சக்கரங்களில் எங்கோ ஒரு ரப்பர் ஹோஸ் கிழிந்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். அடுத்த ஆண்டு வண்டிகளிலேயே அதை இரட்டையாக்கிவிட்டார்கள். டிஸ்க் போடுவதும் போடாததும் உன் விருப்பம். ஆனால் மாஸ்டர் சிலிண்டரை இரட்டை அறை கொண்டதாக மாற்றாமல் அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகாதே என்று உன்னை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது பெட்ரோல் டேங்க். உன் வண்டியிலும் என் வண்டியிலும் அது கேபினுக்குள்ளேயே, நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. செவர்லே 1973-இல் கொண்டுவந்த அடுத்த தலைமுறையில்தான் அது கேபினைவிட்டு வெளியே போனது. 70 லிட்டருக்கும் மேல் பெட்ரோல் கொள்ளும் ஒரு பெட்டியைக் கேபினுக்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாக ஓட்ட என்னால் முடியவில்லை. அதைக் கழற்றிவிட்டு, சேஸிஸின் பின்பகுதியில், இரு சட்டங்களுக்கும் நடுவே, பின் ஆக்சிலுக்கு அப்பால் புதிய டேங்க் ஒன்றைப் பொருத்தினேன். அதோடு குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கக்கூடிய ஹோஸ்களாக மாற்றினேன், ஏனெனில் பழைய ரப்பர் அந்தப் பெட்ரோலில் ஊறி மெத்தென்று ஆகி, ஒரு நாள் கசியத் தொடங்கிவிடும். இருக்கைக்குப் பின்னால் இப்போது நல்ல இடம் கிடைத்திருக்கிறது. பெட்ரோல் வாடையும் இல்லை.

இப்போது எஞ்சினுக்கு வருகிறேன். என்னுடையது 250 கன அங்குலம், அதாவது 4.1 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர். கிராங்க் ஷாஃப்டைத் தாங்க ஏழு மெயின் பேரிங்குகள். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைச் சுழற்றச் சங்கிலி இல்லை, நேரே பல்சக்கரம். அவசரமில்லாத, நீண்ட நாள் உழைக்கும் எஞ்சின் அது. நெடுநாள் நின்றுபோயிருந்ததால் எடுத்தவுடன் ஸ்டார்ட்டரைத் தொடவில்லை. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் துருவை இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவைத்து, எஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுழற்றினேன். ரிங்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஸ்டார்ட்டரால் உலுக்கினால் ரிங் உடையும். தடையில்லாமல் சுழன்ற பிறகு எண்ணெய் மாற்றி, கம்ப்ரஷன் பார்த்தபோது ஆறு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டின. அப்படிப்பட்ட எஞ்சினைப் பிரிப்பதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

அதில் நான் செய்த மேம்பாடுகள் சிறியவை. ரோச்செஸ்டர் கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து கேஸ்கெட்டுகளை மாற்றினேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள், காயிலின் மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி உண்டாக்கும் பாயிண்டையும் கண்டன்சரையும் எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் மாறியதே தெரியாது. இதைச் செய்தால் ஒன்றை மறக்காதே: பாயிண்ட் எரிந்துபோகாமல் இருக்கக் காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் ரெசிஸ்டன்ஸ் வயர் ஒன்று இருக்கும், எலக்ட்ரானிக் கருவிக்கோ முழு 12 வோல்ட் வேண்டும். எஞ்சின் ஆயிலிலும் கவனம் தேவை. இத்தகைய பழைய எஞ்சின்களில் கேமின் மேல் தட்டையான டேப்பெட் நேரடியாக உரசுகிறது. அந்த உராய்வைத் தாங்கும் துத்தநாகச் சேர்மம் இன்றைய கார் ஆயில்களில் குறைக்கப்பட்டிருக்கிறது. பழைய எஞ்சின்களுக்கென்று அதைக் கூட்டித் தயாரிக்கும் ஆயிலையே ஊற்றுகிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, உன் வி-8 ஆசைக்கு நான் குறுக்கே நிற்கிறேன் என்று நினைக்காதே. உன் அப்பாவின் எஞ்சின் உண்மையிலேயே முடிந்துபோயிருந்தால் அது நியாயமான வழிதான். ஆனால் அது ஒரு எஞ்சினோடு நிற்கும் வேலை அல்ல. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் அனுப்பும் மெக்கானிக்கல் பம்பின் அழுத்தம் 5 பிஎஸ்ஐ அளவில்தான் இருக்கும். இன்ஜெக்‌ஷன் எஞ்சின்கள் பெரும்பாலும் 40 முதல் 60 பிஎஸ்ஐ வரை கேட்கும். அந்த அழுத்தத்தைக் கேபினுக்குள் இருக்கும் பழைய டேங்கோடும் பழைய குழாய்களோடும் சேர்க்க முடியாது. மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாய், புதிய பம்ப், ரேடியேட்டர், எஞ்சின் மவுண்ட், டிஃபரன்ஷியல் என்று வேலை நீண்டுகொண்டே போகும். முன்பக்கத்தைத் தாழ்த்தவும் எண்ணியிருப்பதாக எழுதியிருக்கிறாய். 1965 முதல் ஃபோர்டு வைத்த ட்வின் ஐ-பீம் அமைப்பில், ஒவ்வொரு சக்கரமும் ஒரு நீண்ட பீமின் முனையில் ஊசலாடுவதால், வண்டியைத் தாழ்த்தினால் இரண்டு சக்கரங்களின் தலையும் உள்நோக்கிச் சாயும். டயரின் உள்விளிம்பு சீக்கிரமே தேய்ந்துவிடும். அதற்கென்றே செய்த பீம்களைப் போடாமல் வெறும் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

வயரிங்கை முழுவதுமாகப் புதிதாகப் போட்டேன். ஹெட்லைட்டின் மின்சாரம் முழுவதும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போய்வந்ததால் வழியிலேயே வோல்ட்டேஜ் விழுந்து வெளிச்சம் மங்கிக் கிடந்தது. இரண்டு ரிலேக்கள் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்சுகள்) வைத்து, பேட்டரியிலிருந்து நேரே கொடுத்ததும் அதே பல்புகள் பளிச்சென்று எரிகின்றன. எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் கேபினுக்கும் இடையே எர்த் பட்டைகளையும் புதிதாக மாட்டினேன். பழைய வண்டிகளில் பேய் பிடித்தது போலத் தெரியும் பல கோளாறுகளுக்கு எர்த் சரியில்லாததுதான் காரணம்.

துரு பிடித்திருந்தது வழக்கமான இடங்களில்தான்: கதவுக்குக் கீழுள்ள ராக்கர் பேனல், கேபினின் பின்மூலைகள், கால் வைக்கும் தளம். ராக்கரை வெட்டுவதற்கு முன்னால் கேபினுக்குள் குறுக்கே இரும்புச் சட்டங்களை வெல்டிங் வைத்துக் கட்டிவிட வேண்டும். கதவைக் கழற்றாமல் அதன் இடைவெளியைப் பார்த்துக்கொண்டே புதிய தகட்டைப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் கேபின் அறியாமலேயே தொய்ந்து, வெல்டிங் முடிந்த பிறகு கதவு மூடாது. இடுப்பு பெல்ட் மட்டும் இருந்த இருக்கைகளுக்குத் தோள் பெல்ட்டும் வைத்தேன். அது மாட்டும் தூணில் உள்ளே தடித்த தகடு வைத்து வலுப்படுத்தினேன்.

பெயிண்டை மட்டும் தொடவில்லை. வெயிலில் வெளுத்து, பானெட்டின் மேல் ப்ரைமர் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. மாமா ஜன்னலில் முழங்கை வைத்து ஓட்டிய இடத்தில் கதவின் மேல்விளிம்பு வழவழப்பாக இருக்கிறது. புதிய தகடுகள் வைத்த இடங்களுக்கு மட்டும் எபாக்சி ப்ரைமர் அடித்து, சுற்றியுள்ள நிறத்தோடு ஒத்துப்போகும்படி வண்ணம் சேர்த்தேன். ஷோரூமிலிருந்து அன்றுதான் வந்தது போல ஆக்கிவிடு என்று பலர் சொன்னார்கள். பெயிண்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். அந்த விளிம்பை மறுபடி யாராலும் உண்டாக்க முடியாது.

இன்னும் முடிவெடுக்காதது கியர் பாக்ஸ் ஒன்றுதான். ஸ்டீயரிங் தண்டில் கியர் உள்ள மூன்று வேக அமைப்பு. பின் ஆக்சிலின் விகிதம் 3.73, அதாவது சக்கரம் ஒரு சுற்று வர, கியர் பாக்ஸிலிருந்து அதற்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் 3.73 சுற்று வரும். 28 அங்குல டயரோடு மணிக்கு 100 கிலோமீட்டரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,780 முறை சுழல்கிறது. 0.70 ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சினை மெல்லச் சுழலவிடும் கியர்) உள்ள ஐந்து வேக கியர் பாக்ஸ் போட்டால் அது 1,950 அளவுக்கு இறங்கிவிடும். நெடும்பயணத்தில் காதுக்கும் எஞ்சினுக்கும் பெரிய ஆறுதல். ஆனால் தளத்தில் ஓட்டை போட வேண்டும், தண்டில் உள்ள கியர் கம்பி வேலையில்லாமல் போய்விடும். அந்தக் கம்பியைப் பிடித்துத்தான் மாமா எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார் என்பதால் கை தயங்குகிறது.

உன் வண்டியின் ஆக்சில் விகிதத்தை எண்ணிப் பார்த்து எழுது. ஒரு பின்சக்கரத்தைத் தரையிலேயே விட்டு, மற்றதை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திக்கொள்; தரையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றும்போது புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறதோ அதுவே விகிதம். அந்த எண் தெரிந்தால் உனக்கு எந்த கியர் பாக்ஸ் பொருந்தும் என்று இருவரும் சேர்ந்தே பார்க்கலாம். என் விஷயத்தில் நீ என்ன செய்வாய் என்பதையும் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்