சிரிக்க வைத்தவர்களுக்கும் நாலு வரி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ஐரோப்பிய நகைச்சுவைப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். ஹங்கேரியின் 'மெஷெஅவுட்டோ' (1934) அதில் இடம்பெற்றது மகிழ்ச்சி. ஆனால் கதையை மட்டும் சொல்லி, லேசான பொழுதுபோக்குப் படம் என்று முடித்துவிட்டதுதான் மனதுக்குக் குறையாக இருக்கிறது.

லேசான கதைதான், மறுக்கவில்லை. புடாபெஸ்டில் வேரா என்ற இளம்பெண், கடையில் நிற்கும் ஒரு புதுக் காரை ஏக்கத்தோடு பார்க்கிறாள். அவளைப் பார்த்து மனதைப் பறிகொடுத்த வங்கி இயக்குநர், அந்தக் கார் அவளுக்குப் பரிசாக விழுந்ததுபோல் ஏற்பாடு செய்து, தானே அதன் டிரைவராக வந்து நிற்கிறார். அவளுக்கு வேலை கிடைப்பதும் அவருடைய வங்கியில்தான். அப்புறம் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியும். ஆனால் நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம் அது. வேலையும் காரும் காதலும் ஒன்றாக வந்து சேரும் கதைக்காக மக்கள் தியேட்டருக்குப் போனதில் வியப்பில்லை. மறு ஆண்டே பிரிட்டனில் இதை ஆங்கிலத்திலும் எடுத்துவிட்டார்கள்.

எனக்கு இந்தப் படம் என்றால் நடிகர் காபோஷ் டியூலாதான். வங்கி அலுவலகத்தின் மேலாளராக வருவார். குள்ளமான உருவம், பதறிப் பதறித் தடுமாறும் பேச்சு. ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு அதற்குள்ளேயே சிக்கிக்கொண்டு விழிப்பார். ஹங்கேரி மொழி ஒரு சொல்கூடத் தெரியாத எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. 1931-இல் வந்த 'ஹிப்போலித்' படத்திலும், வீட்டு வேலைக்கு வந்த பட்லருக்குப் பயந்து நடுங்கும் புதுப் பணக்காரராக அவர்தான்.

அந்த மனிதரைத்தான், யூதர் என்பதற்காக, சொந்த நாடு வேண்டாம் என்றது. சினிமா, நாடகம், பத்திரிகைத் துறைகளில் யூதர்கள் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 1938-இல் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு அது 6 சதவீதமாகக் குறைந்தது. காபோஷ் அமெரிக்காவுக்குப் போனார். 1941-இல் நியூயார்க்கில் இறந்தார். அவர் எலும்புகள் ஊர் திரும்ப 1996 வரை ஆயிற்று. படத்தின் இயக்குநர் கால் பேலாவுக்குத் திரும்பும் வழியே இல்லாமல் போனது. 1945-இல் நாஜிகளின் டாஹாவ் வதைமுகாமில் அவர் உயிர் போயிற்று. ஒரு காரையும் ஒரு காதலையும் வைத்து ஊரையே சிரிக்க வைத்த மனிதர் அவர். படம் வந்து பதினொரு ஆண்டுகூட ஆகவில்லை.

கட்டுரையாளர் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நாலு வரியாவது எழுதியிருக்க வேண்டும். கால் பேலாவைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். எத்தனை பக்கமானாலும் உட்கார்ந்து படிக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை