சாமன் குறைந்ததற்குச் சீல்களைச் சுட்டால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கடற்கரையில் சாமன் மீன் குறைந்துபோனதற்குச் சீல்கள் (கடல்நாய்கள்)தான் காரணம், அவற்றைச் சுட அனுமதி கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. மீன்பிடித் தொழிலை நம்பி வாழ்கிறவர்களின் கோபம் புரிகிறது. வலையில் மாட்டிய மீனைக் கண்ணெதிரே சீல் குதறிவிட்டுப் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் பழியை முழுக்க அதன் தலையில் கட்டுவது சரியில்லை.

1960கள் வரை சீல்களைக் கொன்றால் அரசே பரிசுப்பணம் கொடுத்தது. 1970இல் பாதுகாப்பு வந்தபோது மிஞ்சியவை ஏறக்குறைய 10,000. அப்புறம் மளமளவென்று பெருகி, 1990களின் நடுவில் ஒரு லட்சத்தை ஒட்டி வந்து நின்றுவிட்டன. ஃபிரேசர் ஆற்றின் சாக்கை வகைச் சாமன் கணக்கைப் பாருங்கள்: 2009இல் 1 கோடிக்கு மேல் கடலிலிருந்து முட்டையிடத் திரும்பும் என்று எதிர்பார்த்தார்கள், வந்தது சுமார் 15 லட்சம். மறு வருடமே ஏறக்குறைய 3 கோடி வந்தது. அந்த ஒரு வருடம் மட்டும் சீல்கள் பட்டினி கிடந்தனவா? 2020இல் 3 லட்சத்தைக்கூட எட்டவில்லை. அதற்கு முன் பிக் பார் என்ற இடத்தருகே மலை சரிந்து பாறைகள் ஆற்றை அடைத்துக்கொண்டதால், வந்த மீன்களும் மேலே ஏறத் திணறின.

சீல் சாமனைத் தொடுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதன் முக்கிய உணவு ஹேக், ஹெர்ரிங் மீன்கள்தான் என்றாலும், வசந்தத்தில் கடலுக்கு இறங்கும் சினூக், கோஹோ வகைச் சாமன் குஞ்சுகளையும் நன்றாகவே தின்கிறது. ஆனால் கழிமுகத்தில் அவை வசதியாகப் படுத்துக் கிடக்க இடம் போட்டுக் கொடுத்தது யார்? மரக்கம்பெனிகள் அங்கே பிணைத்து மிதக்கவிடும் கட்டைகள்தான் அவற்றுக்குத் திண்ணை. குஞ்சுகள் இறங்கும் மாதங்களில் அந்தக் கட்டைகளை வேறிடத்துக்கு நகர்த்திப் பார்க்கட்டும், அதற்கு ஒரு தோட்டாவும் தேவையில்லை. சீல்களையே தின்று வாழும் ஓர்கா திமிங்கிலங்களும் இதே கடலில் இருக்கின்றன, ஆயிரக்கணக்கில் சீல்களைச் சுட்டால் அவை எதைத் தின்னும் என்பதையும் யோசிக்க வேண்டாமா?

மனிதன் அள்ளியதைப் பற்றி மட்டும் ஏன் இத்தனை மெல்லப் பேசுகிறோம்? முட்டையிடத் திரும்பிய சாக்கை மீன்களில் பாதிக்கும் மேல் வலைக்குப் போன ஆண்டுகள் ஒன்றிரண்டு அல்ல. 2021இல் கனடாவின் மத்திய அரசு இங்கே வணிகச் சாமன் மீன்பிடிப்பில் சுமார் 60 சதவீதத்தை மூடியது, படகுக்காரர்கள் அந்த அடியைத் தாங்கினார்கள். ஆனால் இந்த ஆறுகளுக்கு வரவேண்டிய மீன்களைத் அமெரிக்காவின் தென்கிழக்கு அலாஸ்காவில் வழியிலேயே பிடிப்பது தொடர்கிறது. கனடா, அமெரிக்கா இரு நாடுகளின் பசிபிக் சாமன் உடன்படிக்கையில் இப்போதுள்ள பிடிப்பு விதிகள் 2028 இறுதியில் முடிகின்றன. சீல் வேட்டைக்காகக் குரல் கொடுப்பவர்கள் அடுத்த விதிகளுக்கான பேச்சுவார்த்தையில் அலாஸ்காவின் பங்கைக் குறைக்கச் சொல்லி இப்போதே ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசை நெருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்