ஃபெலூவேயின் மணலுக்கு 100 கிலோமீட்டரே அதிகம்

அன்புள்ள முரளி,

கடிதமும், நெதர்லாந்தின் ஃபெலூவே காடுகளில் சரளைப் பாதைச் சைக்கிள் சவாரிக்கு நீ வரைந்த தடமும் கிடைத்தன. முழங்கால் வலி விட்டதில் சந்தோஷம். ஆனால் தடத்தைப் பார்த்தால் அதை மறுபடி வரவழைக்கத் திட்டம் போட்ட மாதிரி இருக்கிறது. 140 கிலோமீட்டர், அதுவும் கோட்வைக்கர்ஸாண்டின் குறுக்கே நேர்கோடாக! அங்கே இருப்பது சரளைப் பாதை இல்லையப்பா, காற்றில் பறக்கும் மணல். சுமார் 700 ஹெக்டேர். இடைக்காலத்தில் ஆடுகள் மேய்ந்தும், வயலுக்கு உரமாகப் புல்பத்தைகளை வெட்டியெடுத்தும் வெறுமையான நிலம் அது. மணல் ஊருக்குள் வராமல் தடுக்கத்தான் சுற்றிலும் பைன் மரங்களை நட்டார்கள். அந்த மணலில் 35 மி.மீ. டயரும் ஒன்றுதான், 45-உம் ஒன்றுதான். தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பைன் காட்டின் விளிம்பாகச் சுற்றிப் போ.

ஓட்டர்லோவுக்கு வடக்கே செயலி காட்டும் குறுக்குவழியையும் அழித்துவிடு. ஹார்ஸ்காம்ப்பில் இருப்பது ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சித் திடல். வரைபடத்தில் காட்டுவழி போலத் தெரிவதெல்லாம் போகக்கூடிய வழி ஆகாது. ‘ரவ்டர்பாட்’ என்று பலகை இருந்தால் குதிரைப் பாதை. சைக்கிளுக்கு அனுமதி கிடையாது, குளம்பு உழுத மணலில் ஓட்டவும் முடியாது. மவுண்டன் பைக் தடங்கள் ஒருவழி. சிலவற்றுக்கு வின்யெட் என்ற கட்டண ஒட்டியை வாங்கி சைக்கிளில் ஒட்டியிருக்க வேண்டும். அவற்றை நம்பித் தடம் போடாதே.

நான் சொல்வது இது: ஏடே-வாகெனிங்கன் நிலையத்தில் இறங்கி கிங்கெல்சே ஹெய்டே, பிளாங்கன் வாம்பௌஸ், ஓட்டர்லோ. அங்கிருந்து கோட்வைக், ரேடியோ கோட்வைக், ஹூண்டர்லோ, லூனன். கடைசியில் ஃபெலூவேஸோம் காட்டுக்குள் புகுந்து போஸ்பாங்க் மேட்டின் வழியாக ரேடன் நிலையம். வளைவுகளோடு ஏறக்குறைய 100 வரும். ஹோஹே ஃபெலூவே பூங்காவை விட்டுவிட்டேன். வேலி போட்ட இடம், நுழைவுக் கட்டணம் உண்டு, உள்ளே சைக்கிள் பாதையும் பெரும்பாலும் வழவழப்பானது. அங்குள்ள வான்கோ ஓவியங்களை இன்னொரு நாள் சாவகாசமாகப் பார்க்கலாம்.

தென்மேற்கில் தொடங்குவதற்குக் காரணம் காற்று. அது பெரும்பாலும் அங்கிருந்துதான் வீசும். திறந்த வெளியில் முதுகில் தள்ளும், தெற்கே திரும்பும்போது காடு மறைத்துக்கொள்ளும். ஹாலந்து என்றால் தட்டை என்று நினைத்திருப்பாய். ஆனால் ஃபெலூவே, பனியூழியில் பனிப்பாறை தள்ளிக் குவித்த மேடு. ஃபெலூவேஸோமில் 110 மீட்டர் வரை உயரும். உயரம் அற்பம்தான், ஆனால் 80 கிலோமீட்டருக்குப் பிறகு வருகிறது.

அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை வை. ஆகஸ்டில் ஹெதர் என்ற குறுஞ்செடி பூக்கும்போது போஸ்பாங்க்கில் திருவிழாக் கூட்டம். செப்டம்பரில் செம்மான்கள் கூடும் காலம், சில பாதைகளை மூடிவிடுவார்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால் கொண்டாடு: ஈர மணல் இறுகி நிற்கும், காய்ந்த மணல்தான் சக்கரத்தை விழுங்கும். சூரியன் மறைந்தபின் காட்டுக்குள் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த நேரத்தில் காட்டுப்பன்றிகளும் வெளியே வரும். அக்டோபர் நடுவில் இருட்டுவது மாலை ஆறே முக்கால் வாக்கில். காலை எட்டரைக்குக் கிளம்பி, மணிக்கு 16 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால், நிறுத்தங்கள் சேர்த்தும் ஐந்து மணிக்குள் ரேடனில் இருப்பாய்.

டயர் 45 மி.மீ. ட்யூப்லெஸ். உன் 75 கிலோவுக்குக் காற்றழுத்தம் முன்னால் 1.7 பார், பின்னால் 1.9. இதற்கு மேல் அடித்தால் வேர்களில் துள்ளும், மணலில் புதையும். ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் சக்கரத்துக்கு 60 மில்லி. கோடையில் ஊற்றியதை நம்பாதே, காய்ந்து தோலாகியிருக்கும். ட்யூப்லெஸ் வால்வின் நட்டை விரலால் மட்டும் முடுக்கு. பஞ்சரானால் அந்த வால்வைக் கழற்றித்தான் ட்யூப் போட முடியும்; குறடு போட்டு முடுக்கியிருந்தால் காட்டுக்குள் கழற்றவே வராது, பையில் வைத்த ட்யூப் வெறும் சுமை. செயினுக்கு மெழுகு போடு. எண்ணெய் மணலோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி பற்சக்கரத்தின் பல்லைத் தேய்த்துவிடும். ஈர மணல் ரெசின் பிரேக் பேடையும் வேகமாகத் தின்னும், ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துக்கொள். பின் கியர் மாற்றியைத் தாங்கும் டெரெய்லர் ஹாங்கரும் ஒன்று. அது சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும் என்பதால் வழியில் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்று எண்ணாதே.

மணல் தெரிந்ததும், உள்ளே போவதற்கு முன்பே இளகிய கியருக்கு மாற்று. உட்கார்ந்தபடி எடையைப் பின்னால் வைத்து, கைப்பிடியைத் தளர்த்தி, நிறுத்தாமல் மிதி. முன்சக்கரம் அலைந்தால் அலையட்டும். பிடித்துத் திருத்தப் போனால்தான் விழுவாய். முன் பிரேக்கைத் தொடவே தொடாதே. மாடு தாண்டாமலிருக்கத் தரையில் பதித்த தடைக் கம்பிகளை நேராகக் கட. ஈரமாக இருக்கும்போது சாய்ந்தால் அவ்வளவுதான். நீளமுடி ஹைலேண்ட் மாடுகள் சாதுவாகத் தெரியும், ஆனாலும் 25 மீட்டர் தள்ளியே போ.

தண்ணீர் ஓட்டர்லோ, ஹூண்டர்லோ, லூனன் ஊர்களில் பிடித்துக்கொள்; இரண்டு 750 மில்லி பாட்டில் போதும். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று பார், அக்டோபரிலும் கடிக்கும்.

ரயிலில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வேண்டும், சைக்கிள் படம் ஒட்டிய கதவில்தான் ஏற வேண்டும். திருத்திய தடத்தை அனுப்பு. ஹூண்டர்லோவுக்கும் லூனனுக்கும் நடுவில் எந்தப் பாதையைப் பிடித்தாய் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சேகர்